வழிவிடு என்று யார் சொல்வது?
மோட்டார் பந்தயத்தில் குழு உத்தரவும் நேர்மையும்



நம் சங்கத்துக் குடும்பங்களில் இப்போது ஞாயிற்றுக்கிழமை மாலைகளில் தொலைக்காட்சியில் கார் பந்தயம் ஓடாத வீடு குறைவு. பிள்ளைகளுக்கு ஓட்டுநர்களின் பெயர், கார் எண், டயரின் நிறம் எல்லாம் மனப்பாடம். பெரியவர்களுக்கு அது வெறும் சத்தம். ஆனால் பந்தயத்தின் நடுவில் ஒரு கார் வேண்டுமென்றே வேகத்தைக் குறைத்து, தன் குழுவின் இன்னொரு காருக்கு வழி விடுகிறது. "தாத்தா, இது ஏமாற்று இல்லையா?" என்று குழந்தை கேட்கிறது. அப்போது பெரியவர்களிடம் பதில் இருப்பதில்லை. அந்தக் கேள்விக்குப் பதில் தேடுவதுதான் இக்கட்டுரையின் நோக்கம்.

நான் பந்தய ஓட்டுநன் அல்லன். டிப்ளமா படித்துவிட்டு ரயில்வேயில் சேர்ந்து, டீசல் என்ஜின்களோடு ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் வாழ்ந்தவன். ஆனால் ஒரு வண்டியை ஒதுக்கி நிறுத்தி இன்னொரு வண்டியை முன்னே அனுப்புவது எங்கள் துறையில் அன்றாட வேலை. அதனால் இந்த விஷயத்தைப் பற்றிச் சொல்ல எனக்கும் கொஞ்சம் உரிமை உண்டு என்று நினைக்கிறேன்.

1. ஒரு குழு, இரண்டு கார்கள்

முதலில் கணக்கைப் புரிந்து கொள்வோம். பார்முலா ஒன் பந்தயத்தில் ஒவ்வொரு குழுவுக்கும் இரண்டு கார்கள். பட்டங்களும் இரண்டு. ஓட்டுநருக்கான உலகச் சாம்பியன் பட்டம் 1950-இலிருந்து இருக்கிறது. காரைக் கட்டும் குழுவுக்கான பட்டம் 1958-இல் வந்தது. 2010 முதல் ஒரு பந்தயத்தில் முதலிடத்துக்கு 25 புள்ளி, இரண்டாமிடத்துக்கு 18, மூன்றாமிடத்துக்கு 15 என்று கொடுக்கிறார்கள்.

இப்போது ஒரு குழுவின் இரண்டு கார்களும் முதலிரண்டு இடங்களில் ஓடுவதாக வைத்துக் கொள்ளுங்கள். அவை இடம் மாறினால் குழுவுக்கு என்ன லாபம்? ஒன்றுமில்லை. முன்பும் 43, பின்பும் 43. மாறுவது ஓட்டுநர்களின் கணக்கு மட்டுமே. ஒருவருக்கு 7 புள்ளி கூடும். மற்றவருக்கு 7 குறையும். ஆகவே குழு உத்தரவு என்பது பெரும்பாலும் "இந்த இருவரில் யாரைச் சாம்பியனாக்குவது?" என்று குழுவின் மேலாளர் எடுக்கும் முடிவு. ஒருவனுடைய வாழ்நாள் உழைப்பை எடுத்து இன்னொருவன் கணக்கில் வரவு வைக்கும் அதிகாரம் அது. விஷயம் சிக்கலாவது இங்கேதான்.

2. வழிவிடுதல் மூன்று வகை

எல்லா வழிவிடுதலும் ஒன்றல்ல. மூன்றாகப் பிரித்துப் பார்த்தால் தெளிவு கிடைக்கும்.

முதல் வகை, விதிப்படி வழிவிடுவது. பந்தயத்தில் மிகவும் பின்தங்கி, முன்னணிக் கார் ஒரு முழுச் சுற்று அதிகமாக ஓடி வந்து தன் முதுகுக்குப் பின்னால் நிற்கும்போது, அந்த ஓட்டுநருக்கு நீலக் கொடி காட்டுவார்கள். அவர் ஒதுங்கியே ஆக வேண்டும். இந்த விதி எல்லோருக்கும் தெரிந்தது, எல்லோருக்கும் பொதுவானது. இதில் அவமானம் ஏதுமில்லை.

இரண்டாம் வகை, தானாக விட்டுக் கொடுப்பது. யாரும் சொல்லாமல், மனமுவந்து செய்வது.

மூன்றாம் வகை, சொல்லி விடவைப்பது. இதுவே குழு உத்தரவு.

ரயில்வேயில் இருப்பது முதல் வகை. சார்மினார் எக்ஸ்பிரஸில் ஊருக்குப் போகாத தமிழர் இங்கே யாரும் இல்லை. செகந்தராபாத்தை விட்டுக் கிளம்பி காஜிப்பேட்டை போகும் வழியில் போன்கீர், ஆலேர், ஜனகாம் போன்ற நிலையங்களில், லூப் லைனில் ஒரு சரக்கு வண்டியோ பாசஞ்சரோ ஒதுங்கி நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். அந்த வண்டி தானாக ஒதுங்கவில்லை. எந்த வண்டி முன்னே போக வேண்டும் என்று செக்‌ஷன் கன்ட்ரோலர் முடிவெடுத்து நிலைய அதிகாரிக்குச் சொல்வார். அது பதிவாகும். பிறகு யாரும் எடுத்துப் பார்க்கலாம், ஏன் என்று கேட்கலாம்.

அதில் இரண்டு நுணுக்கங்கள் உண்டு. ஒன்று, பாசஞ்சர் ஓட்டுநர் எக்ஸ்பிரஸ் ஓட்டுநரோடு போட்டியிடவில்லை. அரைமணி நேரம் நின்றாலும் அவருடைய சம்பளமோ பெயரோ குறையாது. இரண்டு, கன்ட்ரோலர் வண்டியை நிறுத்தி வைக்கச் சொல்லலாம். சிவப்பு சிக்னலை மீறி ஓட்டச் சொல்ல முடியாது. எவ்வளவு பெரிய அதிகாரியானாலும் பாதுகாப்பு அவர் கைக்கு எட்டாத இடத்தில் இருக்கிறது. இந்த இரண்டையும் மனத்தில் வைத்துக் கொள்ளுங்கள். பின்னால் தேவைப்படும்.

3. காரைக் கொடுத்த காலின்ஸ்

குழு உத்தரவு இன்று நேற்று வந்ததன்று. 1956 செப்டம்பரில் இத்தாலியின் மான்சா களத்தில் அந்த ஆண்டின் கடைசிப் பந்தயம். பெராரி குழுவின் மூத்தவர் அர்ஜென்டினாவின் ஃபாஞ்சியோ. பட்டத்துக்கு மிக அருகில் இருந்தார். அவருடைய காரின் ஸ்டியரிங் பழுதாகி நின்றுவிட்டது. அக்காலத்தில் ஒருவர் காரை இன்னொருவர் வாங்கி ஓட்டவும், புள்ளியைப் பகிர்ந்து கொள்ளவும் விதி இடம் கொடுத்தது. பெராரியின் இன்னொரு ஓட்டுநர் முஸ்ஸோ தன் காரைத் தரவில்லை. அடுத்து பிட்டுக்கு வந்தவர் பீட்டர் காலின்ஸ், 24 வயது ஆங்கிலேயர். கணக்குப்படி அவருக்கும் அன்று பட்டம் வெல்ல வாய்ப்பு இருந்தது. ஆனால் அவர் இறங்கித் தன் காரை ஃபாஞ்சியோவிடம் கொடுத்துவிட்டார். ஃபாஞ்சியோ இரண்டாவதாக வந்து நான்காம் முறை உலகச் சாம்பியன் ஆனார்.

தனக்கு இன்னும் வயது இருக்கிறது, காலம் இருக்கிறது என்பதுதான் காலின்ஸ் சொன்ன காரணம். அந்தக் காலம் அவருக்குக் கிடைக்கவில்லை. 1958 ஆகஸ்டில் ஜெர்மனியின் நூர்பர்க்ரிங் களத்தில் விபத்தில் இறந்தார். அவர் ஒருமுறைகூட உலகச் சாம்பியன் ஆகவில்லை.

விட்டுக் கொடுத்தவர் கெட்டுப் போவதில்லை என்று நம் வீடுகளில் சொல்வோம். காலின்ஸின் பெயர் கெடவில்லை. எழுபது ஆண்டுகள் கழித்து இந்த ஹைதராபாத்தில் நாம் அவரைப் பற்றிப் பேசுகிறோம். ஆனால் விட்டுக் கொடுத்தவருக்கு எப்போதும் திரும்பக் கிடைத்துவிடும் என்று நினைப்பது தவறு. திரும்பக் கிடைக்காமலும் போகலாம் என்று தெரிந்து கொடுப்பதுதான் விட்டுக் கொடுத்தல்.

முஸ்ஸோவைக் குற்றம் சொல்ல முடியுமா? முடியாது. தர மறுக்கும் உரிமை அவருக்கு இருந்தது. அந்த உரிமை இருந்ததால்தான் காலின்ஸ் கொடுத்ததற்கு மதிப்பு.

4. கூச்சலிட்ட கூட்டம்

2002 மே 12. ஆஸ்திரியப் பந்தயம். பெராரியின் இரண்டாம் ஓட்டுநர் பிரேசில் நாட்டு பாரிக்கெல்லோ முதலிடத்திலிருந்து கிளம்பி, கடைசிச் சுற்று வரை முன்னணியில் இருந்தார். குழுவிலிருந்து உத்தரவு வந்தது. இறுதிக் கோட்டுக்குச் சில நூறு மீட்டர் முன்பு அவர் வேகத்தைக் குறைத்தார். மைக்கேல் ஷூமாக்கர் கடந்து போனார். இருவருக்கும் இடைவெளி ஒரு விநாடியில் ஐந்தில் ஒரு பங்குக்கும் குறைவு.

பார்வையாளர் கூட்டம் கூச்சலிட்டது. பரிசு மேடையில் ஷூமாக்கர் தாம் ஏற வேண்டிய உச்சிப் படியில் பாரிக்கெல்லோவை ஏற்றிவிட்டார்; கோப்பையையும் அவரிடமே கொடுத்தார். அப்போது உத்தரவுக்கு எதிராக விதி ஏதும் இல்லை. ஆகவே உத்தரவுக்காக யாரும் தண்டிக்கப்படவில்லை. மேடை ஒழுங்கைக் குலைத்ததற்காகத்தான் சர்வதேச மோட்டார் சம்மேளனம் பத்து லட்சம் டாலர் அபராதம் விதித்தது. அதிலும் பாதியை நிறுத்தி வைத்தது.

இதில் வருத்தமான விஷயம், உத்தரவுக்கு அவசியமே இருக்கவில்லை. அந்த ஆண்டின் முதல் ஐந்து பந்தயங்களில் நான்கை ஷூமாக்கர் வென்றிருந்தார். ஜூலை மாதமே பட்டம் அவர் கைக்கு வந்துவிட்டது. தேவைக்கு மேல் பாதுகாப்புத் தேடும் பேராசை என்றே இதைச் சொல்ல வேண்டும்.

அதன் பலனாக 2003 முதல், பந்தய முடிவைப் பாதிக்கும் குழு உத்தரவுகள் கூடாது என்று விதி வந்தது. விதி வந்ததும் என்ன நடந்தது? உத்தரவு நிற்கவில்லை, சங்கேத மொழிக்கு மாறியது. 2010 ஜூலை 25, ஜெர்மனியின் ஹாக்கன்ஹைம். முன்னணியில் பெராரியின் ஃபிலிப்பே மாஸ்ஸா. சரியாக ஓராண்டுக்கு முன், அதே தேதியில், ஹங்கேரியில் தலையில் பலத்த காயம்பட்டு உயிர் பிழைத்து வந்தவர். வானொலியில் அவருடைய பொறியாளர் சொன்னது இவ்வளவுதான்: "பெர்னாண்டோ உன்னைவிட வேகமாக இருக்கிறார். புரிந்ததா?" மாஸ்ஸாவுக்குப் புரிந்தது. அலோன்சோ முந்திச் சென்று வென்றார். ஒரு லட்சம் டாலர் அபராதத்தோடு விஷயம் முடிந்தது. வெற்றி அலோன்சோவிடமே இருந்தது. அவர் கூடுதலாகப் பெற்ற 7 புள்ளியும் உதவவில்லை. அந்த ஆண்டுப் பட்டத்தை 4 புள்ளி வித்தியாசத்தில் வெட்டலிடம் இழந்தார்.

நடைமுறையில் நிரூபிக்க முடியாத விதியை வைத்துக் கொண்டு என்ன செய்வது என்று 2011 முதல் அதை நீக்கிவிட்டார்கள். இன்று குழு உத்தரவு விதி மீறல் அன்று. ஆனால் விதியில் இடம் இருப்பதாலேயே ஒரு செயல் நியாயமாகிவிடாது. குழந்தைக்குச் சொல்ல வேண்டிய முதல் பாடம் இது.

5. சிக்னலை மீறச் சொன்ன உத்தரவு

2008 செப்டம்பர் 28, சிங்கப்பூரின் முதல் இரவுப் பந்தயம். ரெனோ குழுவின் அலோன்சோ சீக்கிரமே பிட்டுக்கு வந்து பெட்ரோல் நிரப்பிச் சென்றார். சற்று நேரத்தில் அதே குழுவின் இளைய ஓட்டுநர் நெல்சன் பிக்கே சுவரில் மோதினார். பாதுகாப்புக் கார் களத்துக்குள் வர, மற்றவர்களின் கணக்கெல்லாம் குலைந்து அலோன்சோ வென்றார். அடுத்த ஆண்டு குழுவிலிருந்து நீக்கப்பட்ட பின்னர் பிக்கே உண்மையைச் சொன்னார். மோதல் தற்செயல் அல்ல, சொல்லிச் செய்தது.

2009 செப்டம்பரில் விசாரணை நடந்தது. குழுத் தலைவர் பிரியாட்டோரேவும் தலைமைப் பொறியாளர் சைமண்ட்ஸும் தடை செய்யப்பட்டனர். பிறகு பிரெஞ்சு நீதிமன்றம் அந்தத் தடைகளை நீக்கியது; அது வேறு கதை.

இதைக் குழு உத்தரவு என்ற பெயரிலேயே சேர்க்கக் கூடாது என்பது என் கருத்து. சுவர் ஓரத்தில் கொடி காட்டும் தொண்டர்கள் நிற்கிறார்கள். பின்னால் மற்ற கார்கள் வருகின்றன. ஒருவன் உயிரையும் அடுத்தவர் உயிரையும் பணயம் வைக்கச் சொல்ல எந்த மேலாளருக்கும் அதிகாரம் கிடையாது. கன்ட்ரோலர் சிவப்பு சிக்னலை மீறச் சொல்வதற்குச் சமம். அப்படிச் சொன்னால் ஓட்டுநர் மறுக்க வேண்டும். எங்கள் துறையில் மறுப்பதுதான் கடமை.

6. ஹுசேன் சாகர் கரையில்

இனி நம் ஊருக்கு வருவோம். 2023 பிப்ரவரி 11 அன்று, இந்தியாவின் முதல் பார்முலா ஈ மின்சாரக் கார் பந்தயம் ஹைதராபாத்தில் நடந்தது. தலைமைச் செயலகம், லும்பினி பூங்கா, என்.டி.ஆர். மார்க், ஐமாக்ஸ் திரையரங்கம் என்று நாம் தினமும் போகும் சாலைகளே களம். சுமார் 2.8 கிலோமீட்டர், 18 வளைவுகள். போக்குவரத்தைத் திருப்பிவிட்டதில் நகரமே கொஞ்சம் முனகியது என்பதும் உண்மை.

அன்று முதலிடத்திலிருந்து கிளம்பியவர் ஜாகுவார் குழுவின் மிட்ச் எவன்ஸ். அதே குழுவின் சாம் பேர்டும் முன்னணிக் கூட்டத்தில் இருந்தார். குழுவுக்கு இது நல்ல நாளாக அமைந்திருக்க வேண்டும். கொண்டை ஊசி போன்ற ஒரு வளைவில் பேர்ட் முந்துவதற்கு உள்பக்கம் பாய்ந்தார். பிரேக் பிடிபடாமல் நேராகத் தம் குழுவின் எவன்ஸ் மீதே மோதினார். இருவருடைய பந்தயமும் அதோடு முடிந்தது. பந்தய முடிவுக்கான புள்ளி இருவருக்கும் பூஜ்யம். இடையில் அகப்பட்ட வேறு குழுவின் ஃபெனெஸ்ட்ராஸும் பாதிக்கப்பட்டார். பிறகு பேர்ட் தவறு தன்னுடையதே என்று ஒப்புக் கொண்டார்.

பிரான்ஸின் வெர்ன் வென்றார். மின்சாரம் தீரும் நிலையிலும் பின்னால் வந்த கேசிடியைக் கடைசி வரை தடுத்து வைத்தார். இரண்டாவதாக வந்த கேசிடியின் காரை ஓட்டியது ஜாகுவாரின் மின் இயக்க அமைப்புதான் என்பது இன்னொரு வேடிக்கை. அதை விலைக்கு வாங்கிய என்விஷன் குழு மேடை ஏறியது; செய்து கொடுத்த குழு மேடை ஏறாமல் திரும்பியது. மூன்றாவதாகக் கோட்டைக் கடந்த புவேமி, அனுமதித்த அளவுக்கு மேல் மின்திறன் எடுத்ததற்காகத் தண்டிக்கப்பட, அந்த இடம் டா கோஸ்டாவுக்குப் போனது. அளவு மீறினால் இயந்திரமே காட்டிக் கொடுத்துவிடும் போட்டி அது.

குழு உத்தரவே கூடாது, அவரவர் திறமைக்கு ஓடட்டும் என்று சொல்பவர்கள் அந்த வளைவை நினைத்துப் பார்க்க வேண்டும். ஒரு குழுவில் இருவர் போட்டியிட்டால், குறைந்தபட்சம் ஒருவர் மீது ஒருவர் மோதாமல் இருக்க ஓர் ஒழுங்கு வேண்டும். "ஓடுங்கள், ஆனால் ஒருவருக்கொருவர் இடம் விட்டு ஓடுங்கள்" என்பதும் ஓர் உத்தரவுதான். அது நியாயமான உத்தரவு. ஒழுங்கே இல்லாத சுதந்திரம் இருவரையும் வீட்டுக்கு அனுப்பிவிடும்.

(அடுத்த பந்தயம் 2024 பிப்ரவரி 10 என்று குறித்து, பிறகு ரத்தானது. சாலைகள் நம்மிடமே திரும்பி வந்துவிட்டன.)

7. நம் கோயம்புத்தூர்ப் பிள்ளை

2005-இல் பார்முலா ஒன்னில் ஓடிய முதல் இந்தியர், கோயம்புத்தூரின் நரேன் கார்த்திகேயன். அவர் வாழ்க்கையிலும் நம் பாடத்துக்கு இரண்டு உதாரணங்கள் உண்டு.

2005 ஜூன் 19, அமெரிக்காவின் இண்டியானாபோலிஸ். அங்குள்ள சரிவான வளைவில் மிச்செலின் டயர்கள் தாங்கவில்லை. வேகத்தைக் குறைக்கத் தற்காலிக வளைவு ஒன்று அமைக்கலாம் என்ற யோசனையைச் சம்மேளனம் ஏற்கவில்லை. அந்த டயர் போட்ட 14 கார்களும் முன்னோட்டச் சுற்று முடிந்ததும் பிட்டுக்குள் போய்விட்டன. பந்தயத்தில் மிஞ்சியவை ஆறே கார்கள். நரேன் நான்காவதாக வந்து 5 புள்ளி பெற்றார். பார்முலா ஒன்னில் ஓர் இந்தியர் பெற்ற முதல் புள்ளிகள் அவை.

அந்தப் புள்ளிகளைக் குறைத்துப் பேசுபவர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. நரேன் யாரையும் தடுக்கவில்லை, யாரையும் ஏமாற்றவில்லை. தம் டயர் தாங்கியது, ஓட்டினார். ஆனால் காசு கொடுத்து வந்த பார்வையாளருக்கு அன்று அநியாயம் நடந்தது. டிக்கெட் பணத்தைத் திருப்பித் தர மிச்செலின் நிறுவனம் முன்வந்ததே அதற்குச் சாட்சி. ஒரே பந்தயத்தில் ஓட்டுநருக்கு நியாயமும் பார்வையாளருக்கு அநியாயமும் நடக்க முடியும்.

இரண்டாவது, 2012 மார்ச் 25, மலேசியாவின் செபாங். மழையில் நடந்த பந்தயம். மிகவும் வலுக்குறைந்த காரை வைத்துக் கொண்டு நரேன் ஒரு கட்டத்தில் பத்தாம் இடத்தில் இருந்தார். பின்னால், ஒரு சுற்று முன்னே இருந்த வெட்டல் அவரைக் கடக்கும்போது இரு கார்களும் உரசின. வெட்டலின் டயர் கிழிந்தது. நடுவர்கள் நரேனுக்கு 20 விநாடி தண்டனை கொடுத்தார்கள். உலகச் சாம்பியன் வெட்டல் அவரைப் பத்திரிகைகளிடம் ஏளனமாகப் பேசினார். நரேனும் சும்மா இருக்கவில்லை, பதில் சொன்னார்.

வழிவிட வேண்டியது பின்தங்கியவரின் கடமை, அதில் சந்தேகமில்லை. ஆனால் கடந்து போகிறவருக்கும் கடமை உண்டு. ஒதுங்கி நிற்கும் பாசஞ்சரை இகழ்ந்துவிட்டு எக்ஸ்பிரஸ் போவதில்லை.

8. மூன்று புள்ளியின் விலை

அண்மைக் காலத்துக் கதை மெக்லாரன் குழுவுடையது. 2025 செப்டம்பர் 7, மீண்டும் மான்சா. குழுவின் இருவருமே பட்டப் போட்டியில் இருந்தார்கள். முன்னால் ஓடிய லாண்டோ நோரிஸுக்கு முதலில் பிட் வாய்ப்புக் கொடுப்பதே வழக்கம். குழுவின் நன்மைக்காக அன்று ஆஸ்கர் பியாஸ்ட்ரியை முதலில் அழைத்தார்கள். பிறகு நோரிஸ் வந்தபோது ஒரு சக்கரத்தைப் பூட்டுவதில் தாமதமாகி, பியாஸ்ட்ரி முன்னே போய்விட்டார். இடத்தைத் திருப்பிக் கொடுக்கும்படி பியாஸ்ட்ரிக்கு உத்தரவு. பிட்டில் தாமதமாவது பந்தயத்தில் சகஜம் என்று முன்பு பேசிக் கொண்டோமே என்று அவர் கேட்டார். கேட்டுவிட்டுக் கொடுத்தார். நோரிஸ் இரண்டாவது, பியாஸ்ட்ரி மூன்றாவது.

ஆண்டு முடிவில் கணக்கைப் பாருங்கள். நோரிஸ் 423, வெர்ஸ்டாப்பன் 421, பியாஸ்ட்ரி 410. மான்சாவில் இடம் மாறியதால் நோரிஸுக்குக் கிடைத்தது 3 புள்ளி. மற்றவை எல்லாம் அப்படியே நடந்திருந்து அந்த மூன்று மட்டும் இல்லையென்றால், 420. பட்டம் வெர்ஸ்டாப்பனுக்கு.

நோரிஸ் மேல் குற்றமில்லை. ஓராண்டு முழுதும் உழைத்துப் பெற்ற புள்ளிகள் அவை. மெக்லாரனும் கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை. தங்கள் முடிவால் கெட்டதைத் தாங்களே சரிசெய்ய நினைத்தார்கள். 2024 ஜூலையில் ஹங்கேரியில் இதே நோரிஸ், இதே காரணத்துக்காக, முதலிடத்தையே பியாஸ்ட்ரியிடம் திருப்பிக் கொடுத்திருந்தார். ஆனால் இரண்டு அண்ணன் தம்பிகளுக்குள் நியாயம் பார்க்கும்போது, வாசலில் நிற்கும் மூன்றாமவரின் பங்கும் அதில் கலந்திருக்கிறது என்பதை மறந்துவிடுகிறோம்.

அந்த மூன்றாமவர் நிலை நம் ஹைதராபாத்துக்குப் புதிதன்று. 2012 லண்டன் ஒலிம்பிக்கில், சுலபமான எதிரியைப் பெறுவதற்காக வேண்டுமென்றே தோற்க முயன்ற நான்கு பாட்மிண்டன் ஜோடிகளை வெளியேற்றினார்கள். அதே போட்டியில் நம் ஊர் ஜ்வாலா கட்டாவும் அஸ்வினி பொன்னப்பாவும் வெற்றிகள் சமமாக இருந்தும், புள்ளி வித்தியாசத்தில் காலிறுதிக்கு முன்பே வெளியேறினார்கள். தங்கள் பிரிவின் வேறோர் ஆட்டத்தின் நேர்மையைக் கேள்வி கேட்டு இந்தியா கொடுத்த முறையீடு ஏற்கப்படவில்லை. அந்த ஆட்டத்தில் எப்படி ஆடினார்கள் என்று தீர்ப்புச் சொல்ல நான் யாருமில்லை. ஆனால் இன்னொருவர் ஆடும் ஆட்டத்தில் நம் விதி முடிவாகும்போது, அவர்கள் உண்மையாக ஆட வேண்டும் என்று எதிர்பார்க்க நமக்கு உரிமை உண்டு.

9. நான்கு கேள்விகள்

இவ்வளவு உதாரணங்களிலிருந்தும் ஓர் அளவுகோல் கிடைக்கிறது. ஒரு குழு உத்தரவைக் கேட்டதும் இந்த நான்கையும் கேளுங்கள்.

ஒன்று: இது முன்கூட்டியே பேசி முடிவானதா, நடுவழியில் திணிக்கப்பட்டதா?

இரண்டு: எல்லோர் காதிலும் விழும்படி வெளிப்படையாகச் சொல்ல முடிகிறதா? சங்கேத மொழி தேவைப்பட்டால், சொல்பவருக்கே கூச்சம் இருக்கிறது என்று பொருள்.

மூன்று: இதில் பங்கில்லாத மூன்றாமவர் ஏதாவது இழக்கிறாரா?

நான்கு: யாருடைய உயிருக்காவது ஆபத்து உண்டா? உண்டென்றால் மற்ற மூன்றையும் கேட்கவே வேண்டாம்.

காலின்ஸ் இந்த நான்கிலும் ஏறத்தாழத் தேறுகிறார். ஆஸ்திரியா தேறவில்லை. ஹாக்கன்ஹைம் இரண்டாம் கேள்வியிலேயே விழுகிறது. சிங்கப்பூர் நான்காம் கேள்வியிலேயே விழுகிறது. மான்சா 2025-க்கு நீங்களே மதிப்பெண் போட்டுப் பாருங்கள். வீட்டில் இருவர் போட்டால் இரண்டும் ஒன்றாக இராது.

10. வீட்டுக்குள் இருக்கும் பந்தயம்

இதைக் கார் பந்தயத்தோடு நிறுத்திவிட்டால் பாடம் பாதியில் நின்றுவிடும். ஊரை விட்டு வந்த குடும்பங்களில் குழு உத்தரவு இல்லாத வீடு ஏது? மூத்தவன் வேலைக்குப் போ, இளையவன் படிக்கட்டும். நீ ஊரில் அப்பாவைப் பார்த்துக் கொள், தம்பி ஹைதராபாத் போகட்டும். இப்படித்தான் நம்மில் பலர் இங்கே வந்து சேர்ந்தோம்.

என் அக்கா கணக்கில் என்னைவிடக் கெட்டிக்காரி. எஸ்.எஸ்.எல்.சி.யில் நல்ல மதிப்பெண் வாங்கினாள். அடுத்த ஆண்டுகளில் ஒருவருக்குத்தான் படிப்புச் செலவு செய்ய முடியும் என்ற நிலை. நான் பாலிடெக்னிக் போனேன். அவள் வீட்டில் இருந்தாள். அப்பா கெட்டவர் அல்லர். அந்தக் காலத்தில் எல்லா வீட்டிலும் இருந்த உத்தரவு அது. அவளும் முகம் சுளிக்கவில்லை. என் டிப்ளமா சான்றிதழைப் பார்த்துச் சந்தோஷப்பட்டவர்களில் முதல் ஆள் அவள்தான். ஆனாலும் அவளிடம் யாரும் கேட்கவில்லை. சொன்னார்கள். காலின்ஸ் காரிலிருந்து தானாக இறங்கினார். என் அக்காவை இறக்கிவிட்டார்கள். வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் விட்டுக் கொடுத்தல் போலவே தெரியும்.

நம் பிள்ளைகளின் காலத்தில் பணம் முன்புபோல் முட்டுக்கட்டை அன்று. எனினும் யாரோ ஒருவர் ஒதுங்க வேண்டிய நேரம் எல்லா வீட்டிலும் வரும். அப்போது மூன்று காரியங்களையாவது செய்யலாம். முதலில் கேளுங்கள், மறுக்க இடம் கொடுத்துக் கேளுங்கள். காரணத்தை எல்லோர் முன்னாலும் சொல்லுங்கள். பிறகு, ஒதுங்கியவரின் கணக்கை மறக்காமல் எழுதி வையுங்கள். லூப் லைனில் நிறுத்திய வண்டிக்கும் பச்சை சிக்னல் கொடுக்க வேண்டிய நேரம் உண்டு. எக்ஸ்பிரஸ் போன பிறகும் அதை அங்கேயே மறந்துவிடும் கன்ட்ரோலர் நல்ல கன்ட்ரோலர் அல்லர்.

வீட்டில் பேசிப் பார்க்க

சிறுவர்களுக்கு:
1. பீட்டர் காலின்ஸ் இடத்தில் நீ இருந்தால் காரைக் கொடுத்திருப்பாயா? முஸ்ஸோ செய்தது தவறா?
2. ஹைதராபாத் பந்தயத்துக்கு முன் நீ ஜாகுவார் குழுவின் மேலாளராக இருந்தால் இரு ஓட்டுநர்களுக்கும் என்ன சொல்லியிருப்பாய்?
3. நீலக் கொடிக்கும் குழு உத்தரவுக்கும் என்ன வேறுபாடு?

பெரியவர்களுக்கு:
1. உங்கள் முன்னேற்றத்துக்காக வழி விட்டவர் யார்? அவரிடம் யாராவது கேட்டார்களா?
2. இப்போது உங்கள் வீட்டில் லூப் லைனில் நிற்பது யார்? அவருக்கு எப்போது சிக்னல்?

சிறுவர்களின் கேள்விகளுக்கு அவர்களே சொல்லும் பதில்களைக் கேட்டு எழுதி அனுப்புங்கள். பெரியவர்களின் கேள்விகளுக்கான பதிலை எனக்கு எழுத வேண்டாம். யாருக்குச் சொல்ல வேண்டுமோ அவருக்கே தொலைபேசியில் சொல்லிவிடுங்கள்.